பாலாறு போன வழியில் ஓர் அலை சவாரி!

பேரணாம்பட்டுப் பசங்ககிட்ட 'சர்ஃபிங்'னு சொல்லிப் பாருங்க. 'எந்த பிரவுசிங் சென்டர்ல மச்சி?'ன்னு கேட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு. இப்போ பிரவுசிங் சென்டரே இல்லை. ஆனா, அலை மேல பலகையைப் போட்டு ஏறி நிற்கிற அந்த நிஜ சர்ஃபிங், நம்ம ஊர்ல இருந்து ஒரே நாள்ல போய்ட்டு வர்ற தூரத்துலதான் இருக்கு!

நாலு பக்கமும் மலை, ஆந்திரா எல்லை, டேனரி வாசனை, ஆறு மணிக்கு ஷூ கம்பெனி பஸ்... இதான் எங்க ஊர். தண்ணின்னு எடுத்துக்கிட்டா ஊரைத் தொட்டுப் போற மலட்டாறு. பேரே சொல்லும், வருஷத்துல பெரும்பாலான நாள் அது வெறும் மணல்தான். கடல்னா எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு மெரினாவுல பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு நின்ன ஒரு டூர் போட்டோ. அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நாலு பேர், இறுதியாண்டு முடியறதுக்குள்ள உருப்படியா ஒரு டிரிப் அடிக்கணும்னு கிளம்பினோம். கோவா, கொடைக்கானல்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னோம். கடைசியா பர்ஸைத் திறந்து பார்த்ததும் கோவளம்னு முடிவாச்சு. கேரளா கோவளம் இல்லைங்க, நம்ம சென்னை கோவளம்!

விடியற்காலைல ஆம்பூர்ல ஏலகிரி எக்ஸ்பிரஸ். தினம் சென்னைக்கு வேலைக்குப் போய் வர்றவங்க கூட்டத்துல நசுங்கி சென்ட்ரல். அங்கேயிருந்து திருவான்மியூர், அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. முட்டுக்காடு பாலம் தாண்டினதும் ஒரு பக்கம் உப்பங்கழி, இன்னொரு பக்கம் கடல். கொஞ்ச நேரத்துல கோவளம் கூட்டு ரோடு. எறங்கி இடது பக்கம் நடந்தா... ஊர், படகு, வலை, மீன், மணல், அலை!

ஆம்பூருக்கும் கோவளத்துக்கும் என்ன சம்பந்தம்?

எங்க பக்கத்துல பல வீடுகள்ல கோவளம்னா தமீம் அன்சாரி தர்காதான். குடும்பத்தோட வேன் எடுத்து வந்து, ஜியாரத் முடிச்சு, சாப்பாட்டைப் பிரிச்சு வெச்சு, கடலைத் தூரத்துல இருந்து பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க. தர்கா, மாதா கோயில், அம்மன் கோயில் எல்லாம் ஒரே ஊர்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கு.

வரலாறு படிக்கிற மாணவர்களுக்கு இன்னொரு முடிச்சு. 1749-ம் வருஷம் ஆம்பூர்ல நடந்த சண்டைலதான் ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் உயிரிழந்தார். இரண்டாம் கர்நாடகப் போர் அப்படித்தான் சூடுபிடிச்சது. அதே போர்ல 1752-ல ராபர்ட் கிளைவின் படை வந்து கோவளம் கோட்டையைப் பிடிச்சுத் தகர்த்தது. அப்போ அது நவாப்கள் காலத்துத் துறைமுகம். கோட்டை இருந்த இடத்துல 1974-ல் நட்சத்திர ஹோட்டல் வந்தது. ஆக, நம்ம ஊர்ல ஆரம்பிச்ச சண்டை இந்த மணல்லயும் வந்து மோதியிருக்கு!

மீனவர் ஏறின அலை

கோவளத்துல சர்ஃபிங்கை ஆரம்பிச்சு வெச்சது பணக்கார வீட்டுப் பசங்க இல்லை. இதே ஊர் மீனவர், மூர்த்தி மேகவன். 2000-களின் தொடக்கத்துல ஒரு வெள்ளைக்காரர் கோவளம் அலை மேல பலகை வெச்சு நின்னுக்கிட்டு வர்றதைப் பார்த்திருக்கார். அந்த வெள்ளைக்காரர் ஜாக் ஹெப்னர். 'சர்ஃபிங் சுவாமி'ன்னு சொன்னா சர்ஃபிங் உலகத்துக்கே தெரியும். கர்நாடகாவுல மங்களூர் பக்கத்துல முல்கியில மந்த்ரா சர்ஃப் கிளப்பை ஆரம்பிச்சவர். அவர்கிட்ட பலகையைக் கேட்டு வாங்கி ஏறின மூர்த்தி, அதுக்கப்புறம் எறங்கவே இல்லை!

தான் கத்துக்கிட்டதைக் குப்பத்துப் பசங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். தொழிலதிபர் அருண் வாசு கை கொடுக்க, 2012-ல 'கோவ்லாங் பாயின்ட்' சர்ஃப் பள்ளி வந்துச்சு. ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே பாடம் இலவசம். ஆனா கண்டிஷன் உண்டு. ஸ்கூலுக்கு ஒழுங்காப் போகணும், தண்ணி, சிகரெட் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. 2013-ல் சர்ஃப் திருவிழா தொடங்கினாங்க. பாயின்ட்ல பறந்து கேட்ச் பிடிச்ச ஜான்ட்டி ரோட்ஸ் இங்கே வந்து அலை பிடிச்சிருக்கார்னா பார்த்துக்கங்க.

ஹவாய் தீவுக்காரங்கதான் சர்ஃபிங்குக்குத் தாத்தா. 1912 ஒலிம்பிக்ஸ் நீச்சல்ல தங்கம் வாங்கின டியூக் கஹனமோகுதான் அதை உலகம் பூரா கொண்டு போனார். ஆனா நம்ம கட்டுமரத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கயித்தால கட்டின நாலஞ்சு மரம், ஒரு துடுப்பு. கரை திரும்பும்போது பின்னால வர்ற அலையைச் சரியா கணிச்சு, அது மேல ஏறி, வழுக்கிக்கிட்டு வந்து மணல்ல நிறுத்தணும். கட்டுமரத்துல வந்தவருக்கு அது பொழப்பு, போர்டுல வந்தவருக்கு அது விளையாட்டு. அலையைப் படிக்கிற வித்தை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். மூர்த்தி மாதிரி ஆளுங்க சீக்கிரமா கத்துக்கிட்டதுல ஆச்சரியமே இல்லை.

மணல்தான் வாத்தியார்!

'ஏன் தம்பி, கடல்ல இதுக்கு முன்னாடி எறங்கியிருக்கீங்களா?' என்றார் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்த அண்ணன். கடல் வெயிலில் முடியெல்லாம் செம்பட்டை அடிச்சிருந்தது.

'முட்டி வரைக்கும்ணா!'

'நீச்சல்?'

'கெணத்துல அடிப்போம்ணா. ஒருத்தனுக்கு மட்டும் தெரியாது.'

அண்ணன் சிரிக்கலை. நீச்சல் தெரியாதவனைத் தனியாகக் கூப்பிட்டு, 'நீ இடுப்பளவு தண்ணியைத் தாண்டக் கூடாது, என் கை எட்டுற தூரத்துலதான் இருக்கணும்' என்று சொல்லிவிட்டுத்தான் போர்டையே தொட விட்டார்.

முதல் அரை மணி நேரம் மணல்லதான் பாடம். போர்டை மணல்ல போட்டுக் குப்புறப் படு. கையால ரெண்டு பக்கமும் தண்ணியைத் தள்ளுற மாதிரி வீசு. அலை பின்னால வந்து தூக்கினதும், நெஞ்சுக்குப் பக்கத்துல கையை ஊணி, ஒரே தாவல்ல எழுந்து நில்லு. ஒரு கால் முன்னால, ஒரு கால் பின்னால. முட்டி மடங்கியிருக்கணும். கண்ணு காலைப் பார்க்கக் கூடாது, கரையைப் பார்க்கணும். இதுக்குப் பேர் 'பாப்-அப்'. மணல்ல செய்யும்போது எல்லாரும் சாம்பியன்தான்!

இங்கே ஒரு விஷயம். அலை ஏன் உடையுது தெரியுமா? ஆழ்கடல்ல அலைக்குக் கீழே இடம் நிறைய. கரையை நெருங்க நெருங்க அதோட காலைத் தரை தடுக்கும். கீழ்ப்பக்கம் வேகம் குறையும், மேல்ப்பக்கம் முந்தும். அலையோட உயரத்தைவிடத் தண்ணியோட ஆழம் கொஞ்சம்தான் அதிகம்ங்கிற இடம் வந்ததும், அலை தலைகுப்புற விழும். ஒரு மீட்டர் அலைன்னா, தோராயமா ஒண்ணே கால் மீட்டர் ஆழத்துல உடையும்னு வெச்சுக்கலாம்.

அந்தத் தரை பாறையாகவோ பவளப்பாறையாகவோ இருந்தா விழுந்தவன் கதி அவ்வளவுதான். ஒலிம்பிக் நடந்ததே, தஹிதி தீவு டெயாஹூப்போ, 2024-ல! அங்கே அடியில பவளப்பாறை. கோவளத்துல நாங்க இறங்கின பக்கம் முழுக்க மணல். விழுந்தா மூக்குல உப்புத் தண்ணி, காதுல மணல், மனசுல கொஞ்சம் வெட்கம். அவ்வளவுதான் சேதாரம். இலங்கையிலும் புதுசா கத்துக்கறவங்க 'வெலிகம'வுக்குத்தான் போறாங்க. சிங்களத்துல அந்தப் பேருக்கு 'மணல் ஊர்'னு அர்த்தம். உலகம் முழுக்க சர்ஃபிங்குக்கு எல்.கே.ஜி. வகுப்பு மணல் கரையிலதான்!

சரி, தண்ணிக்குள்ள போனதும் என்னாச்சு? முதல் அலை என்னைத் தள்ளிட்டுப் போச்சு. ரெண்டாவது அலை போர்டை மட்டும் கூட்டிட்டுப் போச்சு. காலோட போர்டைக் கட்டியிருக்கிற கயிறு, அதுக்குப் பேர் லீஷ், அது மட்டும் இல்லைன்னா போர்டு மாமல்லபுரம் போய்ச் சேர்ந்திருக்கும். பதினைஞ்சு, இருபது தடவை விழுந்திருப்பேன். அப்புறம் ஒரு அலை. அண்ணன் பின்னால இருந்து, 'இப்போ... அடி, அடி, அடி... எழு!'ன்னு கத்தினார். எழுந்தேன். நின்னேன். மூணு செகண்ட் இருக்கும். காலுக்குக் கீழே கடல் ஓடுது, நான் நிற்கிறேன். அந்த மூணு செகண்ட்ல செமஸ்டர், அரியர், கேம்பஸ் இன்டர்வியூ எதுவும் ஞாபகத்துல இல்லைங்க!

காலுக்குக் கீழே யார் மணல்?

கரையில உட்கார்ந்து மூச்சு வாங்கினப்ப அண்ணன்கிட்ட, 'இந்த மணல் எப்பவும் இதே மாதிரிதான் இருக்குமா?'ன்னு கேட்டேன். 'மாசத்துக்கு மாசம் மாறும் தம்பி. தெண்டி ஓடினா ஒரு மாதிரி, வன்னி ஓடினா ஒரு மாதிரி' என்றார். சென்னைப் பக்கத்து மீனவர் பாஷையில தெற்கே இருந்து வடக்கே ஓடுற நீரோட்டம் தெண்டி. வடக்கே இருந்து தெற்கே வர்றது வன்னி. வருஷத்துல அதிக மாசம் மணல் வடக்கு நோக்கித்தான் நகருது. வடகிழக்குப் பருவமழைக் காலத்துல மட்டும் திரும்பும். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா கணக்கு வடக்குப் பக்கம்தான்.

இதுக்கு சாட்சி மெரினா. 19-ம் நூற்றாண்டுக் கடைசியில சென்னைத் துறைமுகச் சுவரைக் கட்டினாங்க. தெற்கே இருந்து வந்த மணல் சுவர்ல முட்டி நின்னு, மெரினா அகலமாச்சு. மணல் வராத வடக்குப் பக்கம், ராயபுரம் கரையைக் கடல் தின்ன ஆரம்பிச்சது. ஒரு சுவர் போட்டதுக்கு ஒரு ஊருக்கு பீச், இன்னொரு ஊருக்கு அரிப்பு!

சரி, தெற்கே அந்த மணலைக் கடலுக்குக் கொடுக்கிறது யாரு? ஆறுகள்தான். கோவளத்துக்குத் தெற்கே மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் தாண்டி வயலூர் பக்கம் ஒரு ஆறு கடல்ல கலக்குது. அது... நம்ம பாலாறு!

கர்நாடகா நந்திமலையில கிளம்பி, ஆந்திராவைத் தொட்டு, 348 கிலோமீட்டர் ஓடி வர்ற ஆறு. அதுல 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுல. எங்க மலட்டாறும் அதுல போய்ச் சேர்ற வாய்க்கால்தான். பேரணாம்பட்டு மலையில இருந்து உருண்ட ஒரு மணல் துணுக்கு, பல நூறு வருஷம் வெள்ளத்துக்கு வெள்ளம் தாவித் தாவி வயலூருக்கு வந்து, தெண்டியில ஏறி வடக்கே நகர்ந்திருந்தா... நான் விழுந்து எழுந்த மணல்ல எங்க ஊர் மணலும் இருக்கலாம். 'கடலுக்கும் நமக்கும் என்னடா சம்பந்தம்'னு இனி யாரும் கேட்க முடியாது!

ஆனா அந்த ஆத்தை நாம என்ன பண்ணி வெச்சிருக்கோம்? தோல் நமக்குச் சோறு போடுது, அதை மறுக்க முடியாது. எங்க தெருவுல பாதிப் பேர் காலேஜ் ஃபீஸ் ஷூ கம்பெனி சம்பளம்தான். அதே தோல் கழிவுதான் பாலாத்தங்கரைக் கிணறுகளை உப்பாக்கிச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இன்னிக்கும் சட்டக் கல்லூரிகள்ல பாடமா படிக்கிறாங்க. 'மாசு பண்ணினவன்தான் செலவை ஏத்துக்கணும்'கிற கொள்கையை நம்ம நாட்டுச் சட்டத்துல அழுத்தமா பதிச்ச தீர்ப்பு. 2025 ஜனவரியில அதே பிரச்னைக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 30 வருஷம். இந்தப் பக்கத்தைப் படிக்கிற பல பேர் அப்போ பிறக்கவே இல்லை!

இன்னொரு பக்கம் மணல் கொள்ளை. ஆத்துல அள்ளின மணல் கட்டடமாகுது. அணை, தடுப்பணையில நின்ன மணல் அங்கேயே படியுது. கடலுக்குப் போறது 2021 நவம்பர் மாதிரி எப்பவாவது பெருவெள்ளம் வந்தாதான். கொடுக்கிற கை சுருங்கினா கரை என்ன பண்ணும்? அதுவும் சுருங்கும். கரையில படகு இழுத்து வைக்க இடம் கேட்கிற மீனவருக்கும், அலை கேட்கிற சர்ஃபருக்கும், குடிக்க நல்ல தண்ணி கேட்கிற பேரணாம்பட்டுக்காரனுக்கும் பிரச்னை ஒரே ஆத்துலதான் இருக்கு.

கடல் சும்மா இல்லை பாஸ்!

ஜாலியா பேசிக்கிட்டே இருந்துட்டு ஒரு சீரியஸ் விஷயத்தைச் சொல்லாம விட முடியாது. 2024 மே 6-ம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில நம்மள மாதிரி கல்லூரிப் பிள்ளைகள் 5 பேரைக் கடல் கொண்டு போச்சு. மருத்துவம் படிச்சவங்க. அன்னிக்கு அந்தக் கடல்ல புயல் இல்லை, மழை இல்லை. எங்கேயோ தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி எழுந்த பேரலை, சத்தமில்லாம வந்து கரையில ஏறியது. குமரி, கேரளா பக்கம் இதுக்குப் பேர் 'கள்ளக்கடல்'. ஐதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது.

அதே தெற்குக் கடல் அலைதான் மே முதல் செப்டம்பர் வரைக்கும் கோவளம் சர்ஃபர்களுக்கு விருந்து வைக்குது. ஒரே கடல், ஒரே அலை. தெரிஞ்சவனுக்குச் சவாரி, தெரியாதவனுக்கு ஆபத்து. இதுதான் கோவளத்துல நான் கத்துக்கிட்ட நிஜமான பாடம். அண்ணன் காட்டினார்: 'அதோ பார், ரெண்டு பக்கமும் நுரை அடிக்குது, நடுவுல மட்டும் அமைதியா, கலங்கலா இருக்குல்ல? புதுசா வர்றவன் அங்கதான் சேஃப்னு எறங்குவான். கரைக்கு வந்த தண்ணி எல்லாம் அந்த வழியாத்தான் உள்ளே திரும்பும். இழுத்துட்டுப் போயிடும்.' நான் பார்த்தவரைக்கும் அதுதான் கரையிலேயே அமைதியான இடமா தெரிஞ்சது. நாங்களா போயிருந்தா அங்கதான் இறங்கியிருப்போம்.

ஈ.சி.ஆர். பக்கம் டூர் போற ஒவ்வொரு காலேஜ் குரூப்பும் பாட்டு பாட ஸ்பீக்கர் எடுத்துட்டுப் போறாங்க. கூடவே ஊர் மீனவர் ஒருத்தர்கிட்ட, 'அண்ணே, இன்னிக்குக் கடல் எப்படி?'ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு எறங்கினா என்ன? காசா, பணமா?

படிக்கும்போதே பலகை!

'இதெல்லாம் நமக்கு செட் ஆகுமா?'ன்னு இழுக்கிறவங்களுக்கு ரெண்டு பேர். இஷிதா மாளவியா, மணிப்பால்ல படிக்கப் போன மும்பைப் பொண்ணு. 2007-ல மாணவியா இருக்கும்போதே சர்ஃபிங் கத்துக்கிட்டு, நண்பரோட சேர்ந்து 'ஷாகா சர்ஃப் கிளப்' ஆரம்பிச்சாங்க. இந்தியாவின் முதல் தொழில்முறை சர்ஃபிங் வீராங்கனைன்னு இன்னிக்கு அவங்களைச் சொல்றாங்க.

இன்னொருத்தர் ரமேஷ் புதிஹால். இவர் கேரளா கோவளம்! 2025 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்துச்சு. அதுல வெண்கலம் அடிச்சார். ஆசியப் போட்டியில தனிநபர் பதக்கம் வாங்கின முதல் இந்தியர். ஒலிம்பிக்ல சர்ஃபிங் நுழைஞ்சதே 2021-ல நடந்த டோக்கியோ போட்டியிலதான். அதாவது இன்னும் புது கிரவுண்டு. க்யூ நீளமா இல்லை, சீக்கிரம் போய் நிக்கலாம்!

கிளம்பறதுக்கு முன்னாடி...

* மே முதல் செப்டம்பர் வரைக்கும் நல்ல சீசன். வடகிழக்குப் பருவமழை மாசங்கள்ல கடல் முரட்டுத்தனமா இருக்கும், புதுசா கத்துக்கறவங்க தள்ளிப் போடுங்க.

* காலைல சீக்கிரம் போங்க. நிலத்துல இருந்து கடலுக்குக் காத்து வீசும்போது அலை வழவழன்னு நிமிர்ந்து நிற்கும். மதியத்துக்கு மேல கடல்காத்து திரும்பினா அலை கலைஞ்சு போயிடும்.

* முதல் நாள் மேலே ஸ்பாஞ்ச் வெச்ச நீளமான போர்டு கேளுங்க. விழுந்தாலும் மண்டை தப்பிக்கும்.

* நீச்சல் தெரியலைன்னா வெட்கப்படாம முதல்லயே சொல்லிடுங்க. முடிஞ்சா நீச்சலை முதல்ல கத்துக்கங்க.

* போன்ல முன்னாடியே பேசி, ஃபீஸ், நேரம், யார் கூட இறங்குவாங்கன்னு கேட்டுக்கங்க. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாம போர்டை மட்டும் வாடகைக்கு எடுக்காதீங்க.

* குடிச்சிட்டுக் கடல்ல இறங்கினா... வேண்டாம், அந்த வாக்கியத்தை முடிக்க விரும்பலை.

சாயங்காலம் திரும்பும்போது தோள் ரெண்டும் கழண்டு விழுற மாதிரி வலி. நீச்சல் தெரியாத நம்ம நண்பன்தான் எங்க எல்லாரையும்விட அதிக நேரம் போர்டுல நின்னவன். பயந்துக்கிட்டே சொன்னதைச் சொன்னபடி கேட்டவன் அவன் ஒருத்தன்தான்! ரயில்ல உட்கார்ந்ததும் அவன் சொன்னான்: 'மச்சி, அடுத்த லீவுக்குள்ள நான் நீச்சல் கத்துக்கறேன்டா. ஆனா எங்க கத்துக்கறது? ஆத்துல தண்ணி இல்லையே!'

யாரும் பதில் சொல்லலை. அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டியது நாமதானே மக்களே!